தப்பே வராத வளையல்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் ஆற்றுக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துகொண்ட காலத்தில், ஏழிலைக்கோட்டை என்று ஒரு ராச்சியம் இருந்தது. அந்தக் கோட்டைக்கு மூன்று மதில். மூன்று மதிலுக்கும் மூன்று வாசல். வெளிவாசலைத் தாண்டினால் கடைவீதி. நடுவாசலைத் தாண்டினால் தறியும் உலையும் சக்கரமுமாகக் கைத்தொழில்காரர் தெருக்கள். உள்வாசலைத் தாண்டினால் அரண்மனை, கோயில், குளம்.

மூன்று வாசலுக்கும் வேங்கை மரத்தில் கதவு. கதவு முழுக்கச் சதுரம் சதுரமாக யாளியும் கொடியும் கிளியும் செதுக்கியிருக்கும். உள்வாசல் கதவில் மட்டும் ஒரே ஒரு சதுரம் வெறும் பலகையாக இருக்கும். செதுக்கிய ஆசாரி அந்த இடம் வந்ததும் உளியைக் கீழே வைத்தாராம், எழுந்து மலைப்பக்கம் போனாராம், திரும்பவே இல்லையாம். இந்த ராசாவின் தாத்தா குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. அந்த வெறும் சதுரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிவாசலில் காவல்காரன் பொன்னுரங்கம். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், வேலால் காப்பதைவிட வாயால்தான் அதிகம் காவல் காப்பான். அவன் பெண்டாட்டி அஞ்சுகம். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அரிசி மாவைக் கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டு குனிந்தாளானால், அவள் கைதான் பேசும். சுரைக்கொடி வேலி ஏறுவதைப் பார்த்தால் அன்றைக்கு அது கோலமாகும். மோர் கடைகிற மத்து சுழன்றால் அது கோலமாகும். ஒரு நாள் பொன்னுரங்கம் விட்ட குறட்டையைக்கூட வாசலில் இழைத்துவைத்து, இது யாரென்று சொல் பார்க்கலாம் என்று அவனையே கேட்டாள்.

அப்படியிருக்கும்போது ஒரு விடியற்காலையில் மலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வந்தது.

பனைமரம் இரண்டைச் சேர்த்துக் கட்டிய உயரம். வயிறோ வற்றிய ஏரி. வருகிற வழியில் ஒரு மண்டபத்தை விழுங்கியது, ஒரு தேரை விழுங்கியது, ஒரு பாலத்தை விழுங்கியது. மனிதர் செய்த எதைக் கண்டாலும் அதற்குப் பசிக்கும். காட்டு மரத்தைத் தொடாது, மரத்தில் செய்த கட்டிலை விடாது. மற்ற காவல்காரர்கள் ஓடிவிட்டார்கள். பொன்னுரங்கம் மட்டும் நின்றான். துணிந்து நின்றதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டான். கால் வரவில்லை என்பதுதான் உண்மை.

பூதம் வாசலைத் தாண்டக் காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே அஞ்சுகம் போட்ட கோலம். பூதம் மெல்லக் குந்தி உட்கார்ந்தது. இழைமேல் விரலை வைத்தது. புள்ளியைச் சுற்றி, வளைந்து, நெளிந்து, விரல் போய்க்கொண்டே இருந்தது. தொடங்கிய இடமும் தெரியவில்லை, முடிகிற இடமும் தெரியவில்லை. கதவுக் குமிழில் வெயில் பட்டதும் பூதம் எழுந்தது. வெயிலில் அதனால் நிற்கமுடியாது. போகிறபோது திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"நாளைக்கும் வருவேன். புதுக்கோடா, பழங்கோடா? புதுசானால் சுற்றுவேன், பழசானால் விழுங்குவேன்."

மறுநாள் ஊரில் பேர்போன பெண்களெல்லாம் சேர்ந்து தாமரையும் தேரும் தொட்டிலும் போட்டார்கள். பூதம் பார்த்தது, தெரிந்த கோலம்தானே என்று காலால் துடைத்தது, முரசு மண்டபத்தை மென்று தின்றது. நல்லவேளை, அதற்குள் வெயில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அஞ்சுகம்தான் போட்டாள். கண்ட கண்ட கோலம் போட்டாள், காணாத கோலமும் போட்டாள். பூதம் வரும், கேட்கும், சுற்றும், போகும். கோட்டை பிழைத்துக்கிடந்தது.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ராசா மாறவேலுக்கு நன்றி சொல்ல ஆசை வந்துவிட்டது. அஞ்சுகத்துக்குப் பட்டு வந்தது, பல்லக்கு வந்தது, கோட்டைக்காத்தாள் என்று பட்டம் வந்தது. அவள் கோலம் போடுவதைப் பார்க்கப் பந்தம் பிடித்துக்கொண்டு பிரபுக்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒரு நாள் அவர்களில் ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த மூலையில் இழை கொஞ்சம் நடுங்கியிருக்கிறதோ என்றார். சும்மாதான் சொன்னார். சொல்லிவிட்டுக் காலைக் கஞ்சிக்குப் போய்விட்டார்.

அஞ்சுகத்துக்குக் கஞ்சி இறங்கவில்லை. நடுங்கியதா? நடுங்கினால் என்ன ஆகும்? ஒரு இழை தப்பினால் பூதம் உள்ளே வரும். வந்தால் முதலில் நிற்பது யார்? வேலைப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம். இதுவரை அவள் தப்பைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்கத் தொடங்கியபின் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. வேலியில் சுரைக்கொடி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து ஒரு வளையல்காரர் வந்தார்.

தோளில் வளையல் மலாரம், கயிறு கயிறாகக் கோத்து, ஆயிரம் வளையல். வெற்றிலை போட்ட வாய், ஆனால் சிரிக்காத வாய். பேச்சு மட்டும் தேன். அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்தார். எல்லா வளையலையும் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். பூ இல்லை, புள்ளி இல்லை, நிறமில்லை. பால் ஆடைபோல் வெள்ளை வளையல்.

"தப்பே வராத வளையல் தாயி. இத வலது கையில போட்டுட்டா இழை நடுங்காது, புள்ளி பிசகாது."

என்ன விலை என்று அவள் கேட்டாள். காசெல்லாம் வேண்டாம் என்றார் அவர். "உன் கைக்கு வரப்போற தப்பெல்லாம் எனக்குக் குடுத்துடு. அது போதும்."

தப்பைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வதற்கு யாராவது யோசிப்பார்களா? அஞ்சுகம் கையை நீட்டினாள். வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது. சில்லென்று இருந்தது.

மறுநாள் இழை நூல் பிடித்ததுபோல் விழுந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. பிரபுக்கள் ஆகா என்றார்கள். பொன்னுரங்கம் மட்டும் கோலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நீ போடும்போது ஏதாவது முணுமுணுப்பாயே, இன்றைக்கு ஏன் முணுமுணுக்கவில்லை என்று கேட்டான். அவள் வளையலைச் சேலைத்தலைப்பால் மறைத்துக்கொண்டாள். பூதம் வந்தது, சுற்றியது. பாதிச் சுற்றில் ஒரு கொட்டாவி விட்டது. 

அதற்கடுத்த விடியலில் அவள் குனிந்து, ஒரு புதிய வளைவை நினைத்து விரலை நகர்த்தினாள். வளையல் இறுகியது. விரலை வேறுபக்கம் திருப்பினாள். இன்னும் இறுகியது. தாமரையை நினைத்தாள், தளர்ந்தது. தேரை நினைத்தாள், தளர்ந்தது. ஊருக்கே தெரிந்ததையெல்லாம் நினைத்தால் தளர்ந்தது, யாருக்கும் தெரியாததை நினைத்தால் எலும்பைப் பிடித்தது. புதிதாக ஒன்று முதல்முதலில் வரும்போது, அதைத் தப்பென்றுதானே எந்த வளையலும் நினைக்கும். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

வேறு வழியில்லாமல் தேர்க்கோலத்தைத் தலைகீழாகப் போட்டாள். பூதம் வந்தது.

"புதுக்கோடா, பழங்கோடா?"

 பூதம் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது, கோலத்தை நேராகப் பார்த்தது, காலால் துடைத்தது. பொன்னுரங்கம் அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடுவாசலுக்கு ஓடினான். பின்னால் வேங்கைக் கதவு நொறுங்குகிற சத்தம். கடைவீதி ஒரு வாய். சத்திரம் ஒரு வாய். வெயில் வந்தபோது வெளிவாசலும் இல்லை, அதற்குள் இருந்த எதுவும் இல்லை. ஜனங்கள் உயிரோடு உள்ளே ஓடிவந்ததுதான் மிச்சம்.

அன்றைக்குத்தான் அவள் புருஷனிடம் வளையலைக் காட்டினாள். அவன் விளக்கெண்ணெய் போட்டு இழுத்தான், வரவில்லை. கொல்லனிடம் கூட்டிப்போனான். கொல்லன் பட்டடையில் கையை வைக்கச் சொல்லிப் பதமாக ஒரு தட்டுத் தட்டினான். வளையலில் கீறல் இல்லை, சுத்தியல்தான் விரிசல் விட்டது. வளையல்காரரைத் தேடினார்கள். அவர் கோட்டைக்கு வெளியே ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு, கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராசாவின் சிம்மாசனத்தில் எப்படி உட்காருவது என்று ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது அந்த உட்கார்தல். பாறையைச் சுற்றிப் பூதத்தின் காலடித் தடம் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கியது. பூதம் அவர் வளர்க்கும் நாய். வளையல் அவர் வைத்த கண்ணி. பூதத்தை நினைத்து யாரும் அந்தப் பாறையை நெருங்கத் துணியவில்லை.

மறுநாள் நடுவாசல். ராத்திரி முழுக்க அவள் கண் மூடவில்லை. ஊர்ப் பெண்களெல்லாம் புதிதாக ஒன்று போட்டுப் பார்த்தார்கள். பயத்தில் அவரவர் கை அவரவர் அம்மா போட்ட கோலத்துக்கே போனது. அஞ்சுகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு புதிய இழையை இழுத்தாள். வளையல் இறுகி, விரலெல்லாம் நீலம் பாரித்து, கொட்டாங்கச்சி கையிலிருந்து நழுவியது. இழை பாதியில் நின்றது.

"புதுக்கோடா, பழங்கோடா?" என்றது பூதம். பாதி இழையைப் பார்த்துச் சிரித்தது. "கோடே இல்லையே."

நடுவாசல் போனது. தறி போனது, உலை போனது, சக்கரம் போனது. ஊர் மொத்தமும் உள்வாசலுக்குப் பின்னால், குளக்கரையில், ஆட்டுக்குட்டிகளோடும் அண்டா குண்டாவோடும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ராசா மாறவேல் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அஞ்சுகத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கடைசி விடியல் வந்தது.

உள்வாசல் கதவுக்கு முன்னால் இரண்டே பேர். அஞ்சுகம் சாணம் தெளித்தாள், பெருக்கினாள், கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே நின்றாள். ஈரத்தரை அவளைப் பார்த்தது, அவள் ஈரத்தரையைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய வெறும் தரையை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எந்த இடத்தில் முதல் புள்ளியை வைக்க நினைத்தாலும் அந்த இடம் தப்பாகத் தெரிந்தது. தூரத்தில் மலைப்பக்கம் தொம் என்று ஒரு சத்தம். பூதம் கிளம்பிவிட்டது.

உள்ளே போய்விடு என்று அவள் புருஷனிடம் சொன்னாள். கெஞ்சியும் சொன்னாள், அதட்டியும் சொன்னாள், அழுதும் சொன்னாள். மூன்று முறையும் அவன் தலையாட்டினான், நகரவில்லை. கடைசியில் வேலைக் கதவில் சாத்திவிட்டு அவளிடம் வந்தான்.

"குடு புள்ள அந்தக் கொட்டாங்கச்சிய."

"எதுக்கு மச்சான்?"

"நான் போடறேன்."

"உனக்குக் கோலம் போடத் தெரியாதே."

"தெரியாதுதான். அது பூதத்துக்குத் தெரியுமா?"

பிடுங்கிக்கொண்டு குந்தினான். புள்ளி வைத்தான். ஆட்டுக்கூட்டம் நடந்துபோன இடம்போல் இருந்தது அந்தப் புள்ளி. ஒன்று கடலை அளவு, ஒன்று கத்தரிக்காய் அளவு. அப்புறம் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு இழையை இழுத்தான். வண்டிச்சக்கரம் ஏறின சாரைப்பாம்பு. தொம், தொம் என்று மலைச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பாட்டுக்கு முட்டியால் பாதியை அழித்துக்கொண்டு, மீதியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்ன மச்சான்?"

"மயில்."

அவள் குனிந்து பார்த்தாள். "கால் எங்க?"

"உக்காந்திருக்குதுல்ல. எப்படித் தெரியும்?"

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாகப்போகிற நேரத்தில் சிரிப்பு வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. எத்தனை நாளாக உள்ளே கிடந்த சிரிப்போ, முதுகு குலுங்கக் குலுங்க வந்தது. அந்தக் குலுக்கலில், வலது கையில் இருந்த வளையல் ஒரு நெல்மணி அளவு நெகிழ்ந்தது.

அவள் சிரிப்பு நின்றது. வளையலைப் பார்த்தாள். அப்புறம் மயிலைப் பார்த்தாள். பாவம், அது உட்கார்ந்தே இருக்கிறதே, எழுப்பி நிற்கவைத்தால் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் விரல் நுனியில் ஒரு அரிப்பு. ரொம்ப நாளாகக் காணாமல்போன அரிப்பு. வலது கையை நீட்டினாள், வளையல் விழித்துக்கொண்டு மறுபடி இறுகியது. கையை மடக்கிக்கொண்டு இடது கையைப் பார்த்தாள்.

இடது கையால் கோலம் போடுவது அந்த நாட்டில் வழக்கமில்லை. போட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அவள் தயங்குவதைப் பொன்னுரங்கம் பார்த்துவிட்டான்.

"பூதம் முழுங்கினா ரெண்டு கையும்தான் புள்ள போகும்," என்றான்.

அவள் இடது கையில் மாவை அள்ளினாள். இடது கைக்குக் கோலம் தெரியாது. இழை நடுங்கியது, தடித்தது, மெலிந்தது, போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் போனது. பக்கத்தில் போனால் என்ன, அங்கே ஒரு கத்தரிக்காய்ப் புள்ளி இருக்கிறதே, அதைச் சுற்றிக்கொண்டு வருவோம் என்று அவள் வளைத்தாள். வளைத்தது மயிலின் காலாகிவிட்டது. கால் வந்ததும் மயில் நடக்க ஆசைப்பட்டது. நடந்த வழியெல்லாம் கொடி முளைத்தது. கொடிக்குள் ஒரு தவளை ஒளிந்துகொண்டது. அது தவளைதான் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அவள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள்.

தொம். தலைக்குமேல் நிழல் விழுந்தது.

"புதுக்கோடா, பழங்கோடா? புதுசானால் சுற்றுவேன், பழசானால்..."

"இரு, முடிக்கல," என்றாள் அஞ்சுகம். தலையைக்கூடத் தூக்கவில்லை.

பூதத்திடம் இதுவரை யாரும் இரு என்று சொன்னதில்லை. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குந்தி உட்கார்ந்தது. புதுசா பழசா என்று மறுபடி கேட்டது, கொஞ்சம் சன்னமாக.

"எனக்கே தெரியாது. முடிஞ்சாத்தான் தெரியும்."

பூதம் விரலை மயிலின் கொண்டையில் வைத்தது. கிளம்பியது. அவள் இழையை முன்னால் போட்டுக்கொண்டே போக, பூதத்தின் விரல் பின்னால் தொட்டுக்கொண்டே வந்தது. புள்ளியைச் சுற்றினாள், அதுவும் சுற்றியது. குறுக்கே தாண்டினாள், அதுவும் தாண்டியது. அவள் குதிகாலுக்கும் அந்த விரல் நகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, பிறகு அரைச்சாண். வானம் இன்னும் சிவக்கவில்லை. கதவுக் குமிழ் கறுப்பாகவே இருந்தது. கொட்டாங்கச்சியில் மாவு குறைந்துகொண்டே வந்தது. பொன்னுரங்கம் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, மூச்சு விடுவதா வேண்டாமா என்று நின்றான்.

இழை அவன் காலடிக்கு வந்தது. இனி வளைந்து மயிலின் வாலோடு சேர்ந்துவிட்டால் போதும், முடிவில்லாத இழையாகிவிடும், பூதம் சுற்றிக்கொண்டே கிடக்கும். அஞ்சுகம் வளைத்தாள். விரலிலிருந்து மாவு விழவில்லை. கொட்டாங்கச்சியில் அடியில் ஒட்டிய தூள் மட்டும்தான்.

பூதத்தின் விரல் இழையின் நுனிக்கு வந்து நின்றது. முன்னால் வெறும் தரை. அதற்குமேல் பொன்னுரங்கம். அவனுக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் ஊர்.

"தீர்ந்துபோச்சே," என்றது பூதம். அதன் குரலில் சந்தோஷம் இல்லை. பறிகொடுத்தவன் குரலாக இருந்தது.

வெளியே பாறைமேலிருந்து வளையல்காரர் கூப்பிட்டார். "விழுங்கு."

அஞ்சுகம் அசையாமல் அந்தப் பெரிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்த விரல் ஓரிடத்திலும் மாவைக் கலைக்கவில்லை. மணிக்கட்டில் சதை மடிந்து கிடந்தது. அந்த மடிப்புக்குள், மரத்துக்குள் போன ஆணியைப்போல், ஒரு வெள்ளைக் கோடு. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அதே வெள்ளை. நிமிர்ந்தாள். பூதம் பொன்னுரங்கத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவிலும் கிளியைப் பார்க்கவில்லை, யாளியைப் பார்க்கவில்லை. அந்த வெறும் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விழுங்கு," என்றார் வளையல்காரர் இரண்டாம் முறை.

அஞ்சுகம் குரலைத் தாழ்த்தினாள். பூதத்திடம் பேசுவதுபோல் பேசவில்லை, வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"அந்தச் சதுரத்துல என்ன செதுக்கணும்னு நெனச்சீங்க?"

பூதத்தின் வாய் திறந்தது. மண்டபத்தைத் தின்ற வாய்.  என் கைக்குத் தப்புத்தான் வரும் என்றது.

"இந்த மயிலுக்குக் கால் எங்கன்னு போட்டவருக்கே தெரியாதுங்க," என்றாள் அஞ்சுகம். "தப்பு வந்தா வரட்டும். மிச்சத்த நீங்க போடுங்க."

கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அடியைச் சுரண்டி, ஒட்டிய தூளை அந்தப் பெரிய உள்ளங்கையில் தட்டினாள். இரண்டு சிட்டிகை வந்தது. ஒன்றை அதன் கையில் விட்டாள், ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை வளையல்காரர் எழுந்து நின்று கத்தினார். தேன் போன இடம் தெரியவில்லை, கரித்தூள் குரல். பூதத்தின் மணிக்கட்டில் வளையல் இறுகியது. சதை பிதுங்கியது. பூதம் ஒரு முனகல் முனகிக்கொண்டு, வாழைத்தண்டு தடிமன் விரலால் இழையை இழுத்தது. இழை கோணியது. ஒரு இடத்தில் திட்டாகக் கொட்டியது. அது கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தது. போங்க, போங்க, அது தவளைக்குக் குட்டி, விடுங்க என்றாள் அஞ்சுகம். பூதத்தின் தொண்டையில் ஏதோ குலுங்கியது. சிரிப்புத்தான், ரொம்ப காலத்துப் பழைய சிரிப்பு, துருப்பிடித்த கீல்போல் வந்தது. இழை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கட்டைவிரல் அகலம் பாக்கி இருக்கும்போது அதன் மாவு தீர்ந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து அஞ்சுகம் கையை நீட்டினாள். எந்தக் கையை நீட்டுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. மயில் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீண்டது வலது கை. வளையல் நெரித்தது, விரல் நீலமானது, அவள் விரலை விடவில்லை. நடுங்கி நடுங்கி விழுந்த மாவு, கோணிக் கோணி வந்த இழையைப் போய்த் தொட்டது.

டக்.

இரண்டு வளையலும் ஒரே நேரத்தில் உடைந்தன.

அந்தச் சத்தம் பாறைவரை போனது. மலாரத்தில் தொங்கிய வளையல் ஒவ்வொன்றாக வெடித்தது. எத்தனை ஊரில் எத்தனை கையிடம் வாங்கி அடைத்துவைத்த தப்புகளோ, ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு முணுமுணுப்பு, ஒரு சீட்டி, ஒரு களுக்கென்ற சிரிப்பு பறந்துபோனது. கடைசி வளையல் உடைந்தபோது பாறைமேல் ஆளில்லை. வெற்றிலைச் சாறும் வெறும் கயிறும்தான் கிடந்தன.

இங்கே பூதம் வாயைத் திறந்து ஒரு ஏப்பம் விட்டது. சத்திரம் வந்து விழுந்தது. தறி வந்தது, உலை வந்தது, இரண்டு வாசல் கதவும் வந்து அதனதன் இடத்தில் நின்றன. முரசு மண்டபத்தில் முரசு தானாக ஒரு அடி அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாக வெளியே வர வர, பூதம் சிறுத்துக்கொண்டே போனது. எல்லாம் வந்து முடிந்தபோது கோலத்தின் நடுவே ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் மரத்தூள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேர் திருமேனி ஆசாரி.

"அணில்," என்றார்.

என்ன என்று கேட்டாள் அஞ்சுகம்.

"அந்தச் சதுரத்துல. இத்தன யாளிக்கு நடுவுல ஒரு அணில் வெக்கணும்னு நெனச்சேன். ராசா சிரிச்சுடுவாரோன்னு பயந்துட்டேன் தாயி. அப்பத்தான் அவன் வளையலோட வந்தான்."

கதவு திறந்தது. ராசா மாறவேல் கிரீடத்தைத் தலையில் கோணலாக வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அணிலைக் கேட்டதும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, சீக்கிரம் செதுக்குங்கள் ஆசாரி, என் பேரனுக்கு அணில் பிடிக்கும் என்றார். அப்போதுதான் கதவுக் குமிழில் வெயில் பட்டது.

அஞ்சுகத்துக்கு என்ன வேண்டும் என்று ராசா கேட்டார். நாளையிலிருந்து பந்தம் பிடித்துக்கொண்டு யாரும் சுற்றி நிற்கவேண்டாம், பார்க்கிறவர்கள் போட்டு முடித்தபிறகு வந்து பார்க்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ராசா சரியென்றார். பட்டு அவளிடமே இருந்தது. பல்லக்கில் கோழி அடைத்தார்கள். பொன்னுரங்கத்துக்குத் தளபதி வேலை தருவதாகச் சொன்னார்கள். ரொம்ப நடக்கவேண்டியிருக்குமா என்று கேட்டான். ஆமாம் என்றதும், வாசலிலேயே ஒரு முக்காலி போட்டுத் தந்தால் போதும் என்றுவிட்டான்.

மறுநாள் விடிந்தது. மலைப்பக்கம் சத்தமில்லை. இனி எந்தப் பூதமும் வராது, எந்தக் கோலமும் எதையும் காக்கவேண்டியதில்லை. அஞ்சுகம் வெளிவாசலில் சாணம் தெளித்தாள், பெருக்கினாள், நின்றாள். போடாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கை வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலியில் சுரைக்கொடி இரவோடிரவாக ஒரு முழம் ஏறியிருந்தது. நுனியில் பிடிமானம் கிடைக்காமல் காற்றில் ஒரு சுருள் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். எப்போது குனிந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. முதல் புள்ளி எங்கே விழுந்ததென்றும் பார்க்கவில்லை. முக்காலியிலிருந்து பொன்னுரங்கம் எட்டிப் பார்த்து, மயிலா என்று கேட்டான். இல்லை, பேசாமல் இரு என்றாள் அவள், முணுமுணுப்பை நிறுத்தாமல்.

வெயில் ஏறியதும் எறும்பு வந்து அந்த மாவைத் தின்றது. தின்றுவிட்டுப் போன எறும்புதான் என் காதில் இந்தக் கதையைச் சொன்னது. அது சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான் குனிந்துகொண்டிருக்கிறாள். நாம் சத்தம் போடாமல் போவோம்.